மேல்மாடிக்கு விட்ட கம்பி

திருச்சுழி
12-9-2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜமால் மைதீன் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை துபாய்க்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சாத்தூர் சேவுப் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். சேவைப் பார்த்த சந்தோஷத்தில் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று சிரிப்பீர்கள். போனில் கட்டடத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே "சரி சரி, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. இனி போனில் சாப்பாடு, உடம்பு, பிள்ளை தஸ்லீமா படிப்பு மட்டும். கட்டடம் என்றால் கடிதம்தான்.

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நாம் கொடுத்த மனு திரும்பி வந்துவிட்டது. கோயிலைச் சுற்றி இரண்டு மாடிக்கு மேல் யாரும் கட்டக் கூடாதாம். கோபுரத்தை மறைத்துவிடுமாம். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மேல ஒண்ணுமில்லம்மா. யார் கட்டுனாலும் இதான் விதி. ரெண்டு மாடியோட லாட்ஜ நல்லா நடத்துங்க" என்றார். விதி நேற்றுப் போட்டதில்லை. கேட்காமல் விட்டது நாம். "மொதல்ல ரெண்டு மாடிக்கு அனுமதி வாங்குவோம், தூண்ல கம்பிய மேல விட்டு வைப்போம், மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்று காண்ட்ராக்டர் சங்கரபாண்டியன் அண்ணன் சொன்னபோது நமக்கும் அதுதானே நியாயமாகப் பட்டது. நம் ஊரில் எந்த வீட்டு மொட்டை மாடியில் கம்பி நிற்கவில்லை? மேலே கட்டுகிறோமோ இல்லையோ, கம்பியை விட்டு வைத்தால்தான் நமக்குத் தூக்கம் வரும்.

ஆனால் ஒன்று. மற்றவர்கள் முதலில் வீட்டைக் கட்டிவிட்டு மேலே கம்பி விடுவார்கள். நாம் மாமா கட்டிய ஓட்டு வீட்டை இடித்து, கீழே ஹோட்டலும் மேலே பன்னிரண்டு ரூமும் வெளியாட்களுக்குக் கட்டினோம். நமக்கு வீடு நாலாம் மாடியில் என்று பிளானில் வரைந்து வைத்தோம். இன்றைக்கு நானும் உங்கள் மகளும் இருப்பது 106-ஆம் நம்பர் ரூமில். கதவில் "காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்யவும்" என்று நீங்களே அனுப்பிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே எழுகிறேன்.

கேட்பது இதுதான். கீழே ஹோட்டலுக்கு விட்ட ஹாலில் பாதி சும்மா கிடக்கிறது. அதைத் தடுத்து நமக்கு வீடாக்கிக்கொள்ளட்டுமா? ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, தெருப்பக்கம் ஒரு வாசல். அது போதும். நீங்களும் வந்துவிடலாம்.

ஷர்மிளா பானு

*

துபாய்
6-10-2024

அன்பு பானுவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

சேவு ஒரே நாளில் தீர்ந்தது. ரூமில் ஆறு பேர். எனக்குக் கிடைத்தது அடித்தூள்தான். கடிதத்தை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

மனு திரும்பியதற்கு மனதை விடாதே. நான் வேலை பார்க்கும் ஹோட்டல் நாற்பது மாடி. இங்கே உயரத்துக்குத்தான் காசு. அதே கட்டில், அதே சோப்பு, அதே டவல்தான். பத்தாவது மாடியில் ஒரு வாடகை, முப்பத்தெட்டாவது மாடியில் அதைப் போல இரண்டு மடங்கு. கெஸ்ட் உள்ளே வந்ததும் பையைக்கூட வைக்காமல் நேரே ஜன்னலுக்குத்தான் போவான். பதினோரு வருஷமாக அந்த மாடிகளில் ஹவுஸ் கீப்பிங் பார்க்கிறவன் சொல்கிறேன், தரையில் கட்டியதற்கு மரியாதை இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால், கருவேலங்காட்டுக்கு மேலே நம் கட்டடம் தெரிய வேண்டும். "அந்தா தெரியுதுல்ல, அது ஆசாத் கட்டுனது" என்று யாராவது கையை நீட்ட வேண்டும். இதற்காகத்தான் இங்கே மற்றவன் கசக்கிப் போட்ட விரிப்பை உதறிக்கொண்டிருக்கிறேன். இதில் வெட்கம் என்ன, உன்னிடம்தானே சொல்கிறேன்.

கீழே தடுப்பது வேண்டாம். லாட்ஜ் முதலாளி வீடு ஹோட்டல் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கீழே ஒரு சுவர் எழுப்பிவிட்டால் அதோடு முடிந்தது. மேலே போகவே மாட்டோம். கொஞ்சம் பொறுத்துக்கொள். நாலாம் மாடியில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு நான் வந்து நிற்பேன். அதற்கப்புறம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஆசாத்

*

திருச்சுழி
22-12-2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பொறுத்துக்கொள் என்று எழுதியிருந்தீர்கள். பொறுத்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அய்யப்பன் சீசன். கோயிலுக்கும் மகான் பிறந்த வீட்டுக்கும் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். காலையில் வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், நம் கடையில் டீ குடிக்கிறார்கள், பாத்ரூம் எங்கே என்று கேட்கிறார்கள், சாயங்காலம் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். யாத்திரை பஸ் நடத்துகிற நாகராஜைத் தெரியுமில்லையா, மல்லாங்கிணற்றுக்காரர், அவரிடம் நேராகவே கேட்டேன், ஏன் இங்கே தங்க வைக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று.

"அக்கா, ஒரு பஸ்ஸுக்கு அம்பது பேரு. எனக்கு இருவது ரூமு ஒரே கட்டடத்துல வேணும். ஒங்ககிட்ட இருக்கது பன்னெண்டு. பாதிப் பேர இங்கயும் பாதிப் பேர வேற எங்கயும் விட்டா, காலையில ஆள் பெறக்குறதே பொழப்பாப் போயிரும். அருப்புக்கோட்டையில எத்தன மாடி வேணும்னாலும் ஏத்துறாக. இங்க ஏத்த முடியல. நான் என்ன செய்ய?"

அவர் சொல்வதும் சரிதான். உயரத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கோயில், அந்தப் பக்கம் தூங்குகிற இடம். நாம் நடுவில் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் சின்னக் குழு ஒன்று வந்தது. முப்பது பேர். பன்னிரண்டு ரூமும் வேண்டும் என்றார்கள். கிராக்கியை விடுவதா? நாங்கள் 106-ஐக் காலி செய்து, துணிமணியை மூட்டை கட்டி ரிசப்ஷனில் போட்டோம். உங்கள் மகளுக்கு மறுநாள் அரையாண்டுப் பரீட்சை, கணக்கு. ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் "பாப்பா, வெந்நி கெடைக்குமா?" என்றார். வேலைக்கு நிற்கிற பிள்ளை என்று நினைத்துவிட்டார் பாவம். தஸ்லீமா எழுந்து போய் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, வந்து விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமி கும்பிட வருகிறவர்கள் தங்குகிற இடம் என்பதால் இந்தக் கட்டடத்துக்குள் நான் கறி ஏற்றுவதில்லை. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். வெள்ளிக்கிழமை ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாலவனத்தத்துக்கு அக்கா ஷம்சாத் பேகம் வீட்டுக்குப் போகிறேன், ஒரு வாய் கறிச்சோற்றுக்கு. அக்கா ஒன்றும் நினைக்க மாட்டாள். அக்கா வீட்டு மச்சான் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கூசுகிறது. சொந்தமாக இவ்வளவு பெரிய கட்டடம் வைத்துக்கொண்டு அடுத்தவர் அடுப்பில் போய் நிற்கிறேன்.

பாதி ஹாலைத் தாருங்கள் மச்சான். இரண்டாம் தடவை கேட்கிறேன்.

ஷர்மிளா பானு

*

துபாய்
19-1-2025

அன்பு பானுவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

வெந்நீர் விஷயத்தைப் படித்தேன். நான் இங்கே வெந்நீர் கொடுப்பது என் மகள் அங்கே கொடுக்கக் கூடாது என்பதற்காக. அது உனக்குத் தெரியும்.

சங்கரபாண்டியன் அண்ணனிடம் போனில் பேசினேன். மனசு விடாதீங்க என்கிறார். "ரெண்டு வருசத்துல விதிய மாத்திருவாக தம்பி. எல்லா ஊர்லயும் கேட்டுக்கிட்டு இருக்காக. அதுவரைக்கும் கம்பிய மட்டும் காப்பாத்துங்க, துரு ஏற விட்ராதீங்க" என்கிறார். ஆகையால் கம்பிக்கெல்லாம் சிமெண்ட் பால் பூசச் சொல். வெயிலுக்கு முன்னால் ஒரு தரம், மழைக்கு முன்னால் ஒரு தரம். மழை வந்தால்.

கீழே வீடு வேண்டாம் பானு. கோபித்துக்கொள்ளாதே. நான் ஊரைவிட்டு வரும்போது என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது ஜமாஅத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஐந்து அடுக்கு என்று சொன்னேன். திரும்பி வந்து ஹோட்டல் ஹாலில் தட்டி மறைத்துப் படுத்துக் கிடக்க என்னால் ஆகாது. அதற்கு இங்கேயே கிடக்கலாம்.

ஒன்று சொல்லட்டுமா, சிரிக்காதே. இவ்வளவு உயரத்தில் வேலை பார்க்கிறேன், ஜன்னல் பக்கம் நாங்கள் நிற்கக் கூடாது. திரையை இழுத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். நின்றாலும் பிரயோஜனமில்லை. ஒரு ஜன்னலும் திறக்காது. முழுக் கண்ணாடியாகப் பதித்துவிட்டார்கள். நாள் முழுக்க மெஷின் காற்றுதான். நம் நாலாம் மாடியில் ஜன்னலைத் திறந்து போட்டு, அந்தக் காட்டுக் காற்றில் ஒருநாள் மத்தியானம் சட்டையில்லாமல் தூங்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

கம்பியைப் பார்த்துக்கொள்.

ஆசாத்

*

திருச்சுழி
2-3-2025

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று முதல் நோன்பு. பொய் சொல்லக் கூடாத நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசினேன். ஆள் விட்டால் கூலி என்று நானே வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு தூணுக்கும் உட்கார்ந்து பூசும்போது சிரிப்பாக வந்தது. ஆத்தாளும் மகளும் வந்த நாளிலிருந்து கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறோம், இன்றைக்கு அதற்குப் பவுடரும் போடுகிறோம் என்று. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன் மச்சான். சாயங்கால வெயில் கோபுரத்தில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் துணி காயப்போடத்தான் மாடிக்கு வந்தேனே தவிர, அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. சுற்றி ஒரு கட்டடம் குறுக்கே இல்லை. குறுக்கே இருந்தது நம் கம்பி மட்டும்தான்.

மறுநாள் நாகராஜை வரச் சொல்லி மாடிக்குக் கூட்டிப்போனேன். "வயசானவங்களுக்குக் கீழ பன்னெண்டு ரூமு. மத்தவங்களுக்கு இங்க பாய், தலகாணி. கோபுரத்தப் பாத்துக்கிட்டே படுக்கலாம். பஸ்ஸு முழுக்க ஒரே கட்டடத்துல" என்றேன். "மழ வந்தா என்னக்கா பண்றது?" என்றார். "நம்ம ஊர்லயா?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாசியில் சேலத்து பஸ் ஒன்றைக் கூட்டிவந்தார். பெண்கள்தான் அதிகம். கோபுரத்தில் விளக்குப் போட்டதும் அந்த அம்மாக்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. ஒருத்தி கண் கலங்கிப்போய், "மதுரையிலகூட இப்படித் தூக்கிக் காட்டுன மாதிரி பாத்ததில்லம்மா" என்றாள். எனக்கு அது சாமி இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் என்னவோ செய்தது. நம்மை இரண்டு மாடியோடு நிறுத்திய அந்த விதிதான் அவளை இங்கே நிறுத்தியிருக்கிறது. ஆளாளுக்கு ஐந்து அடுக்கு ஏற்றியிருந்தால் அவள் எதைப் பார்க்க வருவாள், நம் தண்ணித் தொட்டியையா?

அவள் திரும்பும்போது கம்பி சேலையில் மாட்டி, விழப்போய், முழங்கை கிழிந்துவிட்டது. ரத்தமாகக் கொட்டியது. அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் நான் அழுதேன், அவள்தான் என்னைத் தேற்றினாள். வந்து இறங்கியதும் ஒன்றே ஒன்று கேட்டாள். "கட்டவும் கூடாதுங்கறீங்க. அப்புறம் எதுக்கும்மா அந்தக் கம்பி?"

பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அந்த வாரமே வெல்டர் செல்லத்துரையைக் கூட்டிவந்து எல்லாக் கம்பியையும் அறுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள். ஹாலிலும் தடுப்புச் சுவர் வைக்கச் சொல்லிவிட்டேன். பெருநாளுக்குள் முடிந்துவிடும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இனிமேல் நீங்கள் வருவதற்கு எந்த மாடிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டடம் முடிந்துவிட்டது. டிக்கெட் போடுங்கள்.

இதை முஸாஃபர் தம்பி கொண்டுவருகிறான். புதுசாக வேலைக்கு வருகிறான், ஏர்போர்ட்டில் போய்க் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஷர்மிளா பானு

*

துபாய்
4-3-2025

அன்பு பானுவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் ஜமால் மைதீன் அண்ணன் அவசரமாக ஊருக்குக் கிளம்புகிறார், அவருடைய மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. கிடைத்த நேரத்தில் எழுதுகிறேன். என் ஜனவரிக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போனில் நீ நன்றாகச் சிரித்துப் பேசுகிறாய். அதனால் கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று மேனேஜர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். விதி மாற இரண்டு வருஷம் என்கிறார் சங்கரபாண்டியன் அண்ணன். வெறுங்கையோடு வந்து கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு, அந்த இரண்டு வருஷத்தையும் இங்கேயே கழித்துவிட்டு வந்தால் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நடுவில் விட்டுவிட்டு வர முடியாது, அப்படித்தான் எழுதியிருக்கிறது.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டால் வேண்டாம் என்பாய். எல்லாம் அந்த நாலாம் மாடிக்காகத்தான் பானு. இரண்டே வருஷம்.

தஸ்லீமாவுக்கு ஜமால் அண்ணனிடம் ஒரு கால்குலேட்டர் கொடுத்தனுப்புகிறேன். ரிசப்ஷனில் உட்கார வேண்டாம் என்று சொல்.

ஆசாத்

*

துபாய்
23-3-2025

பானு,

முஸாஃபருக்கு லக்கேஜ் வந்து சேரவில்லை. நேற்றுத்தான் கிடைத்தது. உன் கடிதமும் நேற்றுத்தான் கிடைத்தது.

திட்டுவதற்கு உட்கார்ந்தேன். வரவில்லை.

சங்கரபாண்டியன் அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல். அறுக்கும்போது தூணுக்கு மேலே எவ்வளவு விட்டீர்கள்? ஒரு முழம் இருந்தால் நன்றாக இணைக்கலாம். ஒரு சாண் இருந்தால்கூடப் போதும், வெல்டு வைத்துக்கொள்ளலாம் என்கிறார் இங்கே ஒரு இன்ஜினியர்.

எவ்வளவு விட்டாய்?

ஆசாத்

*

திருச்சுழி
9-4-2025

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. ஜமால் அண்ணன் மாமியாரோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு, கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பெருநாளுக்கு முந்தின நாள்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஆத்திரத்தில் அதைச் சுருட்டி அடுப்பில் போடப் போனேன். புது அடுப்பு, முதல் முதலாக இதையா எரிப்பது என்று எடுத்து வைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் செய்தேன், என்னைக் கேட்காமல் நீங்கள் செய்தீர்கள். நல்ல ஜோடிதான் போங்கள். போனில் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். போனில் பேச மாட்டேன் என்று நான் பிடித்த முரண்டுக்கு இரண்டு வருஷம். இதை நினைத்து நினைத்து அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெருநாளன்றைக்கு நம் சமையல்கட்டில் பிரியாணி ஆக்கினேன். வாசல் தெருப்பக்கம் தனியாக இருக்கிறது, லாட்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷம்சாத் அக்காவையும் அவள் வீட்டு மச்சானையும் வரவழைத்து உட்கார வைத்துப் போட்டேன். மச்சான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் மகள் அவளாகப் போய் அவள் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, திறந்து, மறுபடியும் சாத்திப் பார்த்தாள். காலி செய்யச் சொல்கிற ஸ்டிக்கர் இல்லாத கதவு.

இந்த மாதம் மட்டும் நாகராஜ் மூன்று பஸ் விட்டிருக்கிறார். அந்தச் சேலத்து அம்மா கை ஆறிவிட்டதாம், அடுத்த மாதம் அக்கா தங்கச்சிகளோடு வருகிறாளாம்.

எவ்வளவு விட்டாய் என்று கேட்டிருந்தீர்கள். சங்கரபாண்டியன் அண்ணனும் அறுத்த அன்றைக்கு ஓடிவந்து, "ஒரு சாணாவது விடுங்க தங்கச்சி, தம்பிக்கு மனசு விட்டுப்போகும்" என்று எவ்வளவோ கெஞ்சினார். செல்லத்துரையும் மெஷினைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். ஒரு சாண் விட்டால் நீங்கள் அந்த ஒரு சாணுக்காக இன்னும் பத்து வருஷம் அங்கே கிடப்பீர்கள். ஒரு விரல்கூட விடவில்லை மச்சான். தூணோடு தூணாக அறுத்து, மேலே பூசி, மொட்டை மாடித் தரைக்குப் போடுகிற ஓடும் பதித்தாகிவிட்டது.

அறுத்த கம்பியைப் பழைய இரும்புக்குக் கேட்டார்கள். கொடுக்க மனசு வரவில்லை. நீங்கள் அங்கே விரிப்பு உதறி வாங்கிய கம்பி. செல்லத்துரையிடம் கொடுத்து, நம் வீட்டுத் தெருப்பக்க ஜன்னலுக்கு அடிக்கச் சொன்னேன். சிமெண்ட் பால் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுரண்டச் சொல்லவில்லை. ஜன்னல் கதவைத் தள்ளினால் முழுசாகத் திறக்கிறது. மத்தியானத்தில் காடு மொத்தமும் உள்ளே வருகிற மாதிரி காற்று. தூசியும்தான்.

அதற்கு நேராகக் கட்டில் போட்டிருக்கிறேன். ஜன்னல் ஓரம் உங்கள் பக்கம். நான் இந்தப் பக்கம்தான் படுக்கிறேன். ரெண்டு வருஷம் அது அப்படியே கிடக்கட்டும்.

ஷர்மிளா பானு